எப்போது வாய் திறப்பது

ஒரு கணக்கியல் மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்புகளை எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. அந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு ஒரே ஒரு சொல்லில் அடங்கியது. ஒரு வாடிக்கையாளர், குறிப்பிட்ட ஓர் அறிக்கையைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நிரலாளர் ஒருவர் அதைத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும் என்பதால், "விரைவில் வரும்" என்று பதில் எழுதிவிட்டேன். அடுத்த மாதமே அந்த நிரலாளர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார், வசதி வரவில்லை. என்னுடைய "விரைவில்" மட்டும் ஒன்றரை ஆண்டுக்காலம், அந்த வாடிக்கையாளர் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் தொங்கிக்கொண்டே வந்தது. அன்று முதல், மாலையில் வீடியோ கேம் விளையாட உட்காரும்போதும், புதுப்பிப்புகளுக்கு முன்னால் வரும் அறிவிப்புகளை விளையாடுபவரின் ஆவலோடு மட்டுமல்லாமல், அதை எழுதியவரின் வயிற்றுக் கலக்கத்தோடும் சேர்த்தே படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு புதுப்பிப்பு ஏமாற்றமளித்தால், நிறுவனம் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னது அதிகமா குறைவா என்பதைக் காட்டிலும், சொன்ன நாளில் அந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஓவியரின் மேசையில் இருந்ததா, ஒருவருடைய கணினியில் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்ததா, சோதனை முடிந்து வெளியீட்டுக்குக் காத்திருந்ததா? உள்ளே இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு உலகங்கள். டிரெய்லர் பார்ப்பவருக்கோ மூன்றும் ஒன்றுபோலவே, ஏற்கெனவே இருப்பவைபோலவே தெரிகின்றன.

இதற்கு, கட்டைகளால் ஆன உலகத்தில் தோண்டியும் கட்டியும் விளையாடும் மைன்கிராஃப்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2020 அக்டோபரில் நடந்த மைன்கிராஃப்ட் லைவ் நிகழ்ச்சியில், அதைத் தயாரிக்கும் மோஜாங் நிறுவனம் 'கேவ்ஸ் அண்ட் கிளிஃப்ஸ்' என்ற புதுப்பிப்பை அறிவித்தது. குகைகளும் மலைகளும் அடியோடு மாறும். புதைந்த பானைத் துண்டுகளைத் தூரிகையால் துடைத்தெடுக்கும் அகழாய்வு வரும். சிறு பொருள்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் 'பண்டில்' என்ற பை வரும். கண் தெரியாத, அதிர்வுகளைக் கொண்டே இரையைத் தேடும் 'வார்டன்' என்ற அரக்கன் வரும். இவை அனைத்தும் ஒரே மூச்சில், ஒரே மேடையில், ஒரே அளவு உறுதியோடு காட்டப்பட்டன. 2021 ஏப்ரலில், இத்தனையையும் ஒன்றாகத் தர இயலாது என்று சொல்லி அந்தப் புதுப்பிப்பை நிறுவனம் இரண்டாகப் பிரித்தது. முதற்பகுதி 2021 ஜூன் 8 அன்றும் இரண்டாம் பகுதி அதே ஆண்டு நவம்பர் 30 அன்றும் வந்தன. அகழாய்வும் பண்டிலும் இரண்டிலுமே இல்லை. வார்டன் அடுத்த புதுப்பிப்புக்குத் தள்ளிப்போய், 2022 ஜூனில்தான் வந்தது.

பிரித்ததைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. இரண்டாம் பகுதியில் உலகத்தின் அடித்தளம் 64 கட்டைகள் கீழே இறங்கியது. உச்சி 320 வரை உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் மக்கள் வீடு கட்டி வாழ்ந்துவந்த பழைய உலகங்களின் அடியில் புதிய நிலத்தைச் சேர்க்க வேண்டும். பழைய நிலமும் புதிய நிலமும் சந்திக்கும் எல்லையில் திடீரென்று சுவர்போல் செங்குத்தாக நிற்காமல் இரண்டும் இசைய வேண்டும். இதை அவசரமாகச் செய்திருந்தால் பாழாகியிருப்பது விளையாடுபவர்களின் பல்லாண்டு உழைப்பு. தொழில்நுட்பச் சிக்கலையும் ஊழியர்களின் உடல்நலத்தையும் காரணங்களாகச் சொன்ன அந்த அறிவிப்பில் மழுப்பல் இல்லை. தவறு அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே நடந்துவிட்டது. எது முடியும் நிலையில் இருக்கிறது, எது வெறும் விருப்பம் என்ற வேறுபாட்டை மேடையில் யாரும் காட்டவில்லை.

அந்தப் பாடம் ஒரே தடவையில் ஏறவில்லை. 2021 அக்டோபரில் அடுத்த புதுப்பிப்பான 'தி வைல்ட் அப்டேட்' அறிவிக்கப்பட்டபோது, பர்ச் மரக் காடு ஒன்றின் அழகான ஓவியத்தைக் காட்டினார்கள். மின்மினிப் பூச்சிகளையும் காட்டினார்கள். ஓவியம் வெறும் கற்பனைக் குறிப்பு மட்டுமே என்று பிறகு விளக்க நேர்ந்தது. மின்மினிகளின் கதை இன்னும் விந்தையானது. அவை தவளைகளுக்கு இரையாக இருக்கும் என்று முதலில் சொல்லப்பட்டிருந்தது. சில வகை மின்மினிகள் நிஜத் தவளைகளுக்கு நஞ்சு என்று தெரியவந்ததும் அவை கைவிடப்பட்டன. விளையாட்டில் பார்த்ததைச் சிறுவர்கள் வீட்டில் வளர்க்கும் தவளைக்குச் செய்துபார்த்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் இரையாக்காமல், பறக்க மட்டும் விட்டால் என்ன என்று உடனே கேள்வி எழுந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

பழக்கம் அதன் பிறகுதான் மாறியது. 2022 அக்டோபர் நிகழ்ச்சியில் அடுத்த புதுப்பிப்பைப் பற்றிப் பேசியபோது, அதற்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. கையில் உருப்பெற்றிருந்த சிலவற்றை மட்டும் காட்டிவிட்டு, மற்றவற்றை வெளியீடு நெருங்கும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பெயர் 2023 மார்ச்சில்தான் வந்தது. 2024இல் இன்னும் ஒரு படி போய், ஆண்டுக்கு ஒரு பெரும் புதுப்பிப்பு என்ற முறையையே விட்டுவிட்டு, சிறியவற்றை அடிக்கடி தரும் முறைக்கு மாறினார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்லத்தான் மனம் விரும்புகிறது. என்றாலும் அந்தப் பழைய மேடை அறிவிப்புகளில் இருந்த திருவிழாக் களை இப்போது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்பார்ப்புக்குக் கரை கட்டும்போது ஆற்றின் அழகும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

அதே ஆண்டு அவர்கள் கைவிட்ட இன்னொன்று, உயிரினங்களுக்கான வாக்கெடுப்பு. மூன்று உயிரினங்களைக் காட்டி, அதிக வாக்குப் பெறுவதை மட்டும் விளையாட்டில் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ரசிகர்களைப் பங்கேற்கச் செய்யும் நல்ல உத்திபோல் தோன்றும். உண்மையில் அது ஆண்டுதோறும் இரண்டு ஏமாற்றங்களைத் தாமே முன்வந்து தயாரிப்பது. 2023இல் வாக்கெடுப்பைப் புறக்கணித்து மூன்றையுமே கொடுங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

அப்படியானால் பேசாமல் இருப்பதே நல்லதா? 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டின் வரலாற்றைப் படித்தவர்கள் ஆம் என்று சொல்லக்கூடும். ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு 2016 ஆகஸ்டில் அதை வெளியிட்டபோது, நிறுவனர்களில் ஒருவரான ஷான் மரே முந்தைய ஆண்டுகளில் பேட்டிகளில் சொல்லியிருந்தவற்றுக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையில் இருந்த தொலைவு பெரும் சீற்றத்தைக் கிளப்பியது. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் இருந்த விளம்பரப் படங்கள் பற்றிய புகார்கள் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை போயின. விதிமீறல் இல்லை என்று அது தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அந்தக் குழு வாயை மூடிக்கொண்டுவிட்டது. மாதக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு 2016 நவம்பரில் 'ஃபவுண்டேஷன்' என்ற புதுப்பிப்பு வந்தது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே சில நாள்கள்தான். 2018 ஜூலையில் வந்த 'நெக்ஸ்ட்', முதலில் இல்லையென்று திட்டப்பட்ட கூட்டு விளையாட்டை முழுமையாகக் கொண்டுவந்தது. அதன்பின் இன்றுவரை எத்தனையோ இலவசப் புதுப்பிப்புகள். அவற்றுக்கு முன்னோட்டமாக மரே பல தடவை ஒரே ஓர் ஈமோஜியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆயிரம் சொற்களால் கெட்ட பெயரை ஒரு ஈமோஜியால் ஈடுகட்டியதாக இதை வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. ஈடுகட்டியது ஈமோஜி அல்ல, அதற்குப் பின்னால் ஏற்கெனவே முடிந்திருந்த வேலை.

இந்த மௌனம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. சொல்லப்படாத இடத்தை ரசிகர்கள் காலியாக விடுவதில்லை. தம் கற்பனையால் நிரப்புகிறார்கள். அதற்குச் சான்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. தொடக்கத்தில் அது தனி விளையாட்டே அல்ல. 'ஹாலோ நைட்' விளையாட்டுக்காகத் திரட்டப்பட்ட கூட்டு நிதியின்போது, இரண்டாவது பாத்திரமாக விளையாடும் கூடுதல் உள்ளடக்கமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. டீம் செர்ரி என்ற ஆஸ்திரேலியக் குழு, அது அளவு மீறி வளர்ந்துவிட்டதால் தனி விளையாட்டாக வரும் என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தது. அதன் பிறகு பேச்சு மிகவும் அரிதாகிவிட்டது. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சி ஒன்றில், சில்க்சாங் உட்பட, காட்டப்படும் விளையாட்டுகள் யாவும் பன்னிரண்டு மாதங்களுக்குள் வரும் என்று சொல்லப்பட்டது. நாள் குறித்தவர் மேடைக்குச் சொந்தக்காரர். பொறுப்பேற்க வேண்டியவர் விளையாட்டைச் செய்பவர். எதிர்பார்த்தபடியே, 2023 மேயில் தாமதம் அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும், சம்பந்தமே இல்லாதவர்களின் அறிவிப்புகளுக்கு நடுவில்கூட, சில்க்சாங் எங்கே என்ற கேள்வி கேலியாகவும் ஏக்கமாகவும் ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று, செப்டம்பர் 4 அன்று வரும் என்றார்கள்; சொன்னபடி வந்தது; வந்த நிமிடத்தில் ஸ்டீம் உள்ளிட்ட கடைகள் திணறின.

இரண்டே வாரம் முன்னதாக நாள் சொன்னதை நான் மெச்சுகிறேன். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே வாரங்களில் வெளிவரவிருந்த சிறு விளையாட்டுகள் சில, தம் நாள்களை அவசரமாகத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. தன் ரசிகர்களின் எதிர்பார்ப்பை மட்டும் கணக்கில் கொண்ட ஒரு நாள், வேறு பலருடைய நாள்காட்டியைக் கலைத்துவிட்டது.

ரோட்மேப் எனப்படும் கால அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் நீட்டிச் சொல்லவும் அதிகமில்லை. கட்டம் கட்டமாக வண்ணம் பூசிய அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் 'ஸ்டார் சிட்டிசன்' நினைவுக்கு வருகிறது. 2012இலிருந்து ரசிகர்களின் நிதியில் உருவாகிவரும் அந்த விளையாட்டின் நிறுவனம், நெடுங்காலத் திட்டங்களையும் பொதுவெளியில் காட்டிவந்தது. 2022 பிப்ரவரியில், தொலைவில் உள்ள காலாண்டுகளுக்கான உத்தேசங்களைப் பொது அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. உத்தேசத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ரசிகர்கள் மீது பழிபோடும் தொனி அதில் இருந்ததால் கோபம் கிளம்பியது. தொனி தவறு, முடிவு சரி. கட்டத்துக்குள் எழுதி மாதமும் போட்டபின், மூலையில் பொடி எழுத்தில் 'மாற்றத்துக்கு உட்பட்டது' என்று சேர்ப்பது யாரையும் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை.

அட்டவணையில் ஒரு வரி தள்ளிப்போவது வேறு. எதைக் காட்டி வரவழைத்தார்களோ அதுவே இல்லாமல் போவது வேறு. 'ஓவர்வாட்ச் 2' 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பெயரில் இரண்டு என்ற எண்ணுக்கு நியாயம் கற்பித்தது, திறன்களைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து கணினி எதிரிகளை எதிர்த்துப் போராடும் பகுதிதான். போட்டிப் பகுதி 2022 அக்டோபரில் வந்தது. மற்றது பின்னால் வரும் என்ற நம்பிக்கையில் மக்கள் காத்திருந்தார்கள். முன்பு விவரித்த வடிவில் அது வராது என்று 2023 மேயில் சொன்னார்கள். நேர்மையாகத்தான் சொன்னார்கள்; ஆனால் அந்த நேர்மை, பழைய விளையாட்டு புதியதால் மாற்றீடு செய்யப்பட்ட பிறகு வந்தது.

நாள் குறிப்பதில் எனக்கு மிகவும் பாடம் கற்பித்தவை இரண்டு. ஒன்று 'சைபர்பங்க் 2077'. பல தடவை தள்ளிப்போன அதன் வெளியீடு 2020 நவம்பர் 19 என்று நிலைத்திருந்தது. அக்டோபர் தொடக்கத்தில், வட்டுகளை அச்சிடத் தயாரான பிரதி முடிந்துவிட்டது என்ற பொருளில் 'கோல்ட்' என்ற சொல்லைப் போட்டு நிறுவனம் அறிவித்தது. அந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு இனி தாமதமில்லை என்பதே பொருள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, டிசம்பர் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் முரண்பாடு இல்லை. வட்டில் போகும் பிரதி வேறு, முதல் நாள் இறக்கிக்கொள்ள வேண்டிய 'பேட்ச்' எனப்படும் திருத்தக் கோப்பு வேறு. ஆனால் தொழிற்சொல்லை வெளியே விடும்போது, கேட்பவர் அதற்குக் கொடுக்கும் பொருளைத்தான் நாம் கொடுத்ததாக ஆகும். என் அலுவலகத்தில் 'முடிந்தது' என்று நிரலாளர் சொல்வதற்கும், வாடிக்கையாளரிடம் நான் 'முடிந்தது' என்று எழுதுவதற்கும் இடையே இதே பள்ளம்தான் இருக்கிறது.

மற்றொன்று 'ஃபைனல் ஃபேண்டஸி 14' என்ற இணையவழி விளையாட்டு. அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, நேரலை நிகழ்ச்சிகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வரப்போகும் புதுப்பிப்புகளை ஒவ்வொன்றாக விளக்குவதை வழக்கமாக்கிக்கொண்டவர். 2021இல் 'எண்ட்வாக்கர்' விரிவாக்கத்தை நவம்பர் 23இலிருந்து டிசம்பர் 7க்குத் தள்ளிவைத்தபோது, தரத்தை இன்னும் உயர்த்த விரும்பியது தம் பிடிவாதம் என்று பொறுப்பைத் தம்மீதே போட்டுக்கொண்டார். வெளியானதும் சர்வர்களில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. உலகளாவிய சில்லு பற்றாக்குறையால் புதிய சர்வர்களைச் சேர்க்க முடியாத நிலையை விளக்கினார்கள். மாதக் கட்டணம் செலுத்துபவர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு மேலும் 14 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நெரிசல் குறையும்வரை புதிய விற்பனையையே சில வாரங்கள் நிறுத்தினார்கள். விற்பதை நிறுத்திய அந்தச் செயலுக்கு இணையான ஓர் அறிவிப்பை எந்த மக்கள்தொடர்பு அதிகாரியாலும் எழுதிவிட முடியாது.

புதுப்பிப்புக்கு முந்தைய கடைசி வாரத்தில் வரும் பேட்ச் குறிப்புகள்தாம் என் சொந்தத் துறை. பலர் இவற்றைச் சடங்காக நினைக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் 'பாத் ஆஃப் எக்ஸைல்' விளையாட்டின் 3.19 பதிப்பு வந்தபோது, அரக்கர்களிடமிருந்து கிடைக்கும் பொருள்கள் வெகுவாகக் குறைந்திருப்பதை ஆட்டக்காரர்கள் உணர்ந்தார்கள். அந்த மாற்றத்தின் அளவு குறிப்புகளில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. நீண்ட குறிப்புகளை வரிவரியாகப் படித்துத் தம் ஆட்டத்தைத் திட்டமிடும் பழக்கமுள்ள கூட்டம் அது. பொருள் குறைந்ததைவிட, சொல்லாமல் குறைத்ததுதான் அவர்களை அதிகம் புண்படுத்தியது. பிறகு அந்நிறுவனம் விளக்கமும் கொடுத்தது, திருத்தமும் செய்தது. ஒரு வலுக்குறைப்பை முன்கூட்டியே எழுதினால் இரண்டு நாள் திட்டு விழும். எழுதாமல் விட்டால் அடுத்த பத்துக் குறிப்புகளையும் சந்தேகத்தோடு படிப்பார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்லும் வகையில் 'ஹெல்டைவர்ஸ் 2' குழு செய்ததையும் நான் குறித்துவைத்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பு ஆயுதங்களை மீண்டும் பலவீனமாக்கியதாகக் கொந்தளிப்பு எழுந்ததும், அடுத்த 60 நாள்களுக்குள் எவற்றைச் சரிசெய்யப் போகிறோம் என்று வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். செப்டம்பரில் அதன் முதல் பெரும் பகுதி வந்தது. "கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்ற தேய்ந்துபோன வாக்கியத்துக்குப் பதில், எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு காலம்.

எனக்கு மிகவும் பிடித்த முறை எது என்று கேட்டால், 'ஃபேக்டோரியோ' குழுவின் வெள்ளிக்கிழமைக் கட்டுரைகளைச் சொல்வேன். 'ஸ்பேஸ் ஏஜ்' விரிவாக்கத்தை 2023 ஆகஸ்டில் வெளிப்படுத்திய பிறகு, 2024 அக்டோபர் 21 அன்று அது வெளிவரும்வரை, ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு பகுதியை எடுத்து, எப்படி இயங்குகிறது, ஏன் அப்படி அமைத்தோம், முதலில் முயன்று கைவிட்டது எது என்று படங்களோடு எழுதினார்கள். அனேகமாக எல்லாமே ஏற்கெனவே விளையாடிப் பார்க்கப்பட்டவை. ஆவலும் குறையவில்லை, கற்பனைக்கு இடமும் அதிகம் மிஞ்சவில்லை. எழுதத் தெரிந்த நிரலாளர்கள் இருந்தால்தான் இது நடக்கும் என்பது வேறு விஷயம்.

கேவ்ஸ் அண்ட் கிளிஃப்ஸ் மேடையில் காட்டப்பட்ட அகழாய்வு 2023 ஜூனில் வந்தது. பண்டில் பை 2024 அக்டோபரில் வந்தது, காட்டிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் நான்கு ஆண்டு. மின்மினிகள் 2025 மார்ச்சில், தவளைகளுக்கு எந்தத் தீங்கும் இல்லாமல், இரவில் ஒளிரும் ஒரு புதராக வந்துசேர்ந்தன. அந்தப் புதரைப் பற்றி யாரும் எந்த மேடையிலும் முன்கூட்டிப் பேசவில்லை. ஒருநாள் சோதனைப் பதிப்பில் அது இருந்தது, அவ்வளவுதான். என் வாடிக்கையாளர் கேட்ட அறிக்கை வசதி சென்ற ஆண்டு முடிந்தது. அவருக்கு எழுதிய மின்னஞ்சலில் வசதி இருக்கும் பக்கத்தின் இணைப்பை மட்டும் வைத்தேன். கீழே பழைய மேற்கோளில் என் "விரைவில்" அப்படியே இருந்தது, அதை அழிக்கவில்லை.